பாதத்தில் பொட்டு வைத்த டாக்டர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் என் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. அந்தச் சாலையில் நிற்பது புதிதல்ல, நகர்வதுதான் புதிது. எங்கள் ஸ்கேன் அறையின் செவிலியர் கலா போனில் அழைத்தார். "சார், பிலோ டாக்டர் பூட்டாங்க சார். ராவு படுத்தவங்க காலைல எழுந்துக்கவே இல்ல." ஊரார் பிள்ளைகளைத் தூங்கவைப்பதையே வேலையாக வைத்திருந்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார். இதை வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருக்கக்கூடியவர் அவர்தான். நான் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். பின்னால் நின்றவர் விடாமல் ஹாரன் அடித்தார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் பிலோமினா குழந்தைகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்பவர். வடசென்னையில், கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்றை நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். பிறந்த சில வாரங்களில் ஒரு எம்.ஆர்.ஐ. படம், பள்ளிக்கூடம் போகும் வயதில் இன்னொரு படம். நான் இயற்பியல் படித்த கோயம்புத்தூர்க்காரன், இயந்திரத்தின் காந்தம் என் பொறுப்பு. அறிமுகமான அன்றே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். "நீங்க மிஷினுக்கு டாக்டரு, நான் கொயந்தைக்கு டாக்டரு. ரெண்டும் அழுவக்கூடாது. அவ்ளோதான் சார் மேட்டரு."

ஆய்வுக்காக ஒரு குழந்தைக்கும் மயக்க மருந்து கொடுக்கக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஆகவே வயிறு நிறையப் பால் கொடுத்து, காதை அடைத்து, துணியில் இறுக்கச் சுற்றி, தானாகத் தூங்கும்வரை காத்திருப்போம். சில நாள் ஒரே குழந்தைக்காக மத்தியானம் முழுக்கப் போய்விடும். அந்த நேரத்தில் தும்மியவனை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குத் தும்மல் தானாக உள்ளே போய்விடும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் போடும் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. குழந்தைகளுக்காக அதை அடக்கிக் காட்டுகிறேன் என்று நான் பல மாதம் உட்கார்ந்து ஒரு வழி செய்தேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நல்ல அமைதி கிடைக்கும்படி இடைவெளியும் வைத்தேன். எண்ணூரிலிருந்து வந்த குழந்தையிடம் முதன்முதலாக அதைப் பரிசோதித்தோம். சத்தம் இருந்தவரை ஆனந்தமாகத் தூங்கிய குழந்தை, அமைதியானதும் கண்ணைத் திறந்து கத்தியது. திரும்பத் தூங்கவைத்தோம், திரும்ப அதே கதை. பிலோ டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரோட்டு மேல வூடு சார் அதுக்கு. பொறந்ததுலேர்ந்து லாரி சத்தத்துலயே தூங்கிகினு கீது. லாரி நின்னுச்சுன்னா இன்னாமோ ஏதோன்னு எழுந்துக்காதா?" அன்று மாலையே இடைவெளியை எடுத்துவிட்டேன். என் பல மாத உழைப்பு அவருக்குப் பல வருடம் சொல்லிச் சிரிக்கும் கதையாகப் பயன்பட்டது. வெளியூர் விருந்தாளிகள் யார் வந்தாலும், காபி வருவதற்கு முன்னால் அந்தக் கதை வந்துவிடும்.

ஆனால் அவரை எனக்கு உண்மையாகக் காட்டிய நாள் தேவகி வந்த நாள்தான்.

தேவகி சடையங்குப்பத்துக்காரர். அவருடைய மகள் யாழினி நாள் நிறையும் முன்பே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, பிழைத்து எழுந்தவள். அதற்கு முன்பு பிறந்த குழந்தை தக்கவில்லை. காந்த அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது என்பதால் யாழினியின் தாயத்தை அவிழ்க்கச் சொன்னோம். அரைஞாணை அவிழ்க்கச் சொன்னோம். ஒவ்வொன்றையும் அவிழ்க்கும்போது தேவகியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் நெற்றியோரத்துத் திருஷ்டிப் பொட்டு மட்டும் மிச்சம். "அத உடுங்க. மைதான, ஒண்ணும் பண்ணாது" என்றார் பிலோ டாக்டர். நானும் தலையாட்டினேன். நாங்கள் இருவருமே வீட்டில் விளக்கெண்ணெய் ஊற்றி எரித்து எடுத்த மையைப் பார்த்து வளர்ந்தவர்கள். மை என்றால் அதுதான் எங்களுக்கு.

முதல் படம் திரையில் வந்தது. நெற்றிக்கு உட்பக்கம் மூளையின் ஒரு பகுதியைக் காணவில்லை. நெல்லிக்காய் அளவுக்குக் கறுப்பாக எதுவோ விழுங்கியிருந்தது. எங்கள் முகத்தைத் தேவகி பார்த்துவிட்டார். "இன்னா டாக்டரம்மா? இன்னா ஆச்சு எம்புள்ளைக்கு?"

பிலோ டாக்டர் படத்தைப் பார்த்தார், கண்ணாடிக்கு அப்பால் குழந்தையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "ஏம்மா, இந்த மை வூட்ல செஞ்சதா, கடைல வாங்கினதா?" கடை மை. கறுப்பு நன்றாகப் பிடிக்க அதில் இரும்புத்தூள் கலந்த சாயம் சேர்த்திருப்பார்கள் போலிருக்கிறது. காந்தத்துக்கு அந்தத் துளி போதும். குழந்தையின் மூளையில் ஒன்றும் காணாமல் போகவில்லை. பொட்டுதான் படத்தை விழுங்கியிருந்தது. மருத்துவமும் இயற்பியலும் படித்த இரண்டு பேர் ஒரு கடை மையிடம் ஏமாந்தோம்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேவகிக்கு வரவில்லை. பஞ்சை எடுத்துக்கொண்டு பொட்டைத் துடைக்கப் போன டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காதீங்கம்மா. பெரியவள பொட்டு வெக்காம வெளிய தூக்கினு போனேன். அப்பால அவ தங்கலம்மா." நானாக இருந்தால் அந்த இடத்தில் காந்தப்புலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பேன். பிலோ டாக்டர் தரையில் உட்கார்ந்தார். தேவகியின் பையிலிருந்த மை டப்பியைக் கேட்டு வாங்கினார். "கண்ணு படாம இருக்கறதுக்கு மூஞ்சிலதான் வெக்கணுமா? எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு உள்ளங்கால்லதான் வெப்போம். யாரு கண்ணுக்கும் தெரியாது, ஆனா காவல் காத்துகினு இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கால்ல இருந்தா உங்க மிஷினுக்குப் பேஜாரு உண்டா சார்?" படம் எடுப்பது தலையை, கால் எங்கேயோ கிடக்கிறது, அத்தனை சிறிய துளியால் ஒன்றும் ஆகாது என்றேன். யாழினியின் பாதத்தில் அவரே பொட்டு வைத்தார். பிறகுதான் தேவகி கையை விட்டார். மறுநாளிலிருந்து கலா வீட்டில் செய்த விளக்கெண்ணெய் மை எங்கள் அறையில் ஒரு டப்பியில் இருக்கும். எங்களிடம் வரும் எல்லாக் குழந்தைக்கும் பொட்டு பாதத்தில்தான்.

யாழினியைத் தோளில் போட்டு நடந்து நடந்து திரும்பத் தூங்கவைத்தார். இரண்டாவது படத்தில் கறுப்பு போயிருந்தது. ஆனால் அது போன பிறகுதான் வேறோர் இடத்தில், ஆழத்தில், ஒரு சிறு தழும்பு தெரிந்தது. அது மையல்ல. குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு வருவது. அதைப் பிறகு அறிக்கையில் எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் திரையைத் தேவகியின் பக்கம் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார்.

"பேசுவாளா?" என்று கேட்டார் தேவகி. அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"தெரியாது. படம் இன்னிக்கு சேதிதான் சொல்லும். நாளைக்கு சேதி இதுல இல்ல. நீ அவகிட்ட பேசிகினே இரு. பதில் வரலன்னாலும் பேசு."

"இத சொல்றதுக்குத்தான் இவ்ளோ நேரம் தூங்க வெச்சீங்களா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவகி போய்விட்டார். இனி வர மாட்டார் என்று நான் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் சொன்னேன். "கோச்சிகினு போறவ திரும்பி வருவா சார். சிரிச்சிகினு தலையாட்டிட்டுப் போறவதான் வர மாட்டா" என்றார் பிலோ டாக்டர்.

வாரம் தவறாமல் அவர் தேவகிக்குப் போன் செய்வார். முதலில் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். பிள்ளை என்ன பேசினாள் என்று டாக்டர் ஒருநாளும் கேட்டதில்லை. "நீ இன்னிக்கு அவகிட்ட இன்னா பேசின?" என்பதுதான் கேள்வி. சாம்பார் வைத்ததைச் சொன்னேன், தண்ணி லாரி வராததைச் சொன்னேன், அவ அப்பனைத் திட்டினதைச் சொன்னேன் என்று தேவகி ஒப்பிப்பார். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோதும் போன் போனது. தண்ணி வந்த கதையையும் பிள்ளையிடம் சொல்லச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாட்டெல்லாம் பாடத் தொடங்கிவிட்டார்கள். யாழினி வாயைத் திறக்கவில்லை. மேல்வைத்தியத்துக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் அவரே ஏற்பாடு செய்தார். அந்த நாட்களில் அவர் சிரிப்பில் கொஞ்சம் குறைவு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் கேன்டீனில் இட்லித் தட்டோடு ஓடிவந்தார். அவ்வளவு பருமனான ஒருவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. "சார்! பேசிட்டா சார்! அம்மான்னு இல்ல, அப்பான்னு இல்ல. போன புடுங்கி 'அலோ'ன்னா சார்!" வாரந்தோறும் அந்தப் போனையே பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? அதற்குள் சாம்பார் தட்டிலிருந்து வழிந்து அவர் வெள்ளைக் கோட்டில் இறங்கிவிட்டது. அந்தக் கறையோடு அன்று முழுக்க வார்டு வார்டாகப் போய்ச் சேதி சொன்னார்.

வளர்ந்த குழந்தைகளுக்குத் தூக்கம் சரிப்படாது. விழித்தபடியே அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். அதற்காக அவர் ஒரு பெரிய நீலத் தண்ணீர் டிரம்மை அறுத்து, பொய் ஸ்கேன் ஒன்று செய்து வைத்திருந்தார். பிள்ளைகள் அதற்குள் படுத்துப் பழகுவார்கள். நிஜ ஸ்கேனில் படங்களுக்கு நடுவே ஒலிவாங்கியில் அவர் குரல் போய்க்கொண்டே இருக்கும். "பேச்சைக் குறைத்தால் இன்னும் இரண்டு குழந்தைகளைப் பார்க்கலாங்க டாக்டர்" என்று நான் முறையிடுவேன். "மிஷினுக்கு ரெஸ்ட்டு குடுங்க சார், பாவம்" என்று பதில் வரும்.

போன வாரம் யாழினிக்கு முறை. பள்ளிக்கூடம் போகும் வயதுப் படம். டாக்டர் போன சேதி தேவகிக்குத் தெரியும். வர மாட்டார் என்று மறுபடியும் நான் தப்பாக நினைத்தேன். "அவங்க கூப்ட்ட தேதி சார். வராம இருப்பனா?" என்று வந்து நின்றார். கலா பாதத்தில் பொட்டு வைத்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். என் கோயம்புத்தூர்த் தமிழில் நான் பேசிய முதல் வாக்கியத்துக்கே யாழினி களுக்கென்று சிரித்துவிட, முதல் படம் கலங்கலாக வந்தது. அதற்குப் பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கடைசிவரை அசையாமல் கிடந்தாள்.

படம் வந்ததும் திரையைத் தேவகியின் பக்கம் திருப்பினேன். முறையான அறிக்கையை வேறு டாக்டர் தருவார் என்று சொன்னேன். ஆனால் அந்தத் தழும்பை எனக்கே அடையாளம் தெரியும். "போவலியா சார் அது?" என்றார். போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது என்றேன். தேவகி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியது. "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்" என்றார்.

அப்போது ஒலிபெருக்கியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "சார், மிஷினு நின்னுட்ச்சு. இப்போ பேசலாமா?"

அடுத்த குழந்தைக்கு நேரமாகிவிட்டது என்று கலா வாசலில் நின்று ஜாடை காட்டினார். பிலோ டாக்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்: குழந்தை பேச வரும்போது மற்ற வேலை நிற்கலாம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். "பேசு கண்ணு" என்றேன்.

யாழினி பல் விழுந்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். டீச்சருக்குக் கல்யாணம் என்றாள், அப்பா குறட்டை விடுவது எப்படி என்று விட்டுக் காட்டினாள். தேவகி சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.