ஆத்தா குடுத்த வெள்ளைப் பூவும் எம் மவ படிச்ச கெமிஸ்ட்ரியும்

மாரியாத்தாவை நம்பி வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் ஒரு கும்பிடுங்க. ஆத்தாகிட்ட நான் ஒரு தடவை சண்டை போட்டேன். அவதான் செயிச்சா. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்துல சின்ன ஊரு எங்களுது. ரெண்டு ஏக்கரா மானாவாரி, ஒரு எருமை, அவ்வளவுதான் சொத்து. எண்பத்தி மூணுல எம் பெரிய மவ செல்வி பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டு, "அம்மா, நான் காலேஜுல கெமிஸ்ட்ரி படிக்கிறேன்"னு வந்து நின்னா. எங்க கொழுந்தனாரு குதிச்சாரு. "பொட்டப் புள்ளைக்கு மூணு வருசம் பீஸு, பஸ்ஸு, துணிமணி. அந்தக் காசுல நகை போட்டுக் கட்டிக் குடுத்துடலாம் அண்ணி. படிச்சு என்னத்த சம்பாதிக்கப் போறா?"ன்னாரு. அவரு கேட்டதும் தப்பில்லைங்க. எருமையை வித்தாத்தான் காலேஜு. படிச்சா என்ன வரும்னு எங்களுக்குச் சத்தியமா தெரியல.

எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியுமாம். தருமபுரி பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு மருந்துக்கடை போர்டுல 'கெமிஸ்ட்'னு எழுதியிருந்ததை யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. "கெமிஸ்ட்ரி படிச்சா கெமிஸ்ட்டு. மருந்துக்கடை வெக்கலாம். கடைக்குப் பேரு கூட யோசிச்சிட்டேன்"னாரு மனுசன்.

எதுக்கும் ஆத்தாவைக் கேட்டுடுவோம்னு பூப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா செய்யி, செவப்பு வந்தா வேண்டாம். பக்கத்து வூட்டுப் பாப்பா ஆத்தா காலடியிலிருந்து ஒண்ணை எடுத்துக் குடுத்தா. பூசாரி பிரிச்சாரு, வெள்ளை நந்தியாவட்டை! மறுவாரமே எருமையைச் சந்தைக்கு ஓட்டிட்டோம்.

மூணு வருசம் மோருக்குக்கூட அடுத்த வூட்டு வாசல்தான். கடைசிப் பரீட்சை எழுதிட்டு வந்த அன்னிக்கு அவ அப்பா, "கடைக்கு எடம் பார்க்கட்டுமா கண்ணு?"ன்னு கேட்டாரு. அவ ஓன்னு அழுதுட்டா. "மருந்துக்கடைக்கு வேற படிப்புங்கப்பா. மொத வருசமே தெரிஞ்சுடுச்சு. எருமை இல்லாத கொட்டாயைப் பார்த்துட்டு எப்பிடிங்கப்பா சொல்லுவேன்?"

அவரு துண்டால அவ கண்ணைத் தொடச்சாரு. அப்பறம் என்னைப் பார்த்து, "சோறு போடு, புள்ள பசியோட இருக்கா"ன்னாரு. அன்னிக்கு அந்த மனுசன் மேல எனக்கு வந்த பிரியம் கல்யாணமான புதுசுல கூட வந்ததில்லைங்க.

வேலைவாய்ப்பு ஆபீசுல பேரைப் பதிஞ்சுட்டு ஒரு வருசம் வூட்டுலயே கெடந்தா. ஊரு சும்மா இருக்குமா? "கெமிஸ்ட்ரி களை புடுங்கப் போவுது பாரு"ன்னு காதுபடச் சொன்னாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே போவா. ஒரு வெள்ளிக்கெழமை எனக்குப் பொறுக்கல. நேரா கோயிலுக்குப் போயி ஆத்தா முன்னாடி நின்னேன்.

"ஏண்டி, உன்னைக் கேட்டுத்தானே சேர்த்தேன்? வெள்ளைப் பூ குடுத்தவ நீ. நீயே வழி காட்டு. இல்லேன்னா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

பூசாரி பதறிட்டாரு. நான் அங்கயே உக்காந்து, பெத்த தாய்கிட்ட அழற மாதிரி அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கெழமை போகல, வீம்பு. அதுக்கடுத்த வெள்ளிக்கெழமை தபால் வந்துச்சு. குடிதண்ணி சோதிக்கிற லேபுக்கு ஆளு வேணும், கெமிஸ்ட்ரி படிச்சவங்க மட்டுந்தான் வேணும்னு! தபாலைக் கையில புடிச்சுக்கிட்டே கோயிலுக்கு ஓடினேன்.

வேலை கெடச்சுது. சம்பளம் சேர்த்து அவ அப்பாவுக்கு மொதல்ல எருமைதான் வாங்கிக் குடுத்தா. கொழுந்தனாரு வந்து, "அண்ணி, எம் புள்ளைக்கும் அந்தப் படிப்பு கெடைக்குமா?"ன்னாரு. நான் சிரிச்சேன், முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு.

ஏன்னா எங்க ஊருல எல்லாருக்கும் பல்லு பழுப்பு. செல்வி சின்னதுல சரியா பல்லு வெளக்கறதில்லேன்னு நான் அடிச்சே இருக்கேன். வேலைக்குப் போனப்பறம் அவ எங்க ஊருத் தண்ணியைக் கொண்டு போயி சோதிச்சுட்டு வந்து சொன்னா: "அம்மா, நாம அழுக்கில்லம்மா. கோயில்கிட்ட இருக்கிற அடிபைப்புத் தண்ணியில புளோரைடு அதிகம். அதுதான் பல்லைக் கெடுக்குது. எலும்பையும் கெடுக்கும்." அடிச்ச கையை நான் என்ன பண்ணுவேன்? அந்தக் கையாலயே அவ கன்னத்தைத் தடவிக் குடுத்தேன்.

குடிக்காதீங்கன்னு நோட்டீசு ஒட்டினாங்க. யாரும் கேக்கல. தண்ணிக்கு ஓடைக்கரை வரைக்கும் எட்டி நடக்க யாருக்கு மனசு வரும்? அப்பறம் செல்வி மேலதிகாரியைக் கேட்டுக்கிட்டு ரெண்டு டப்பா பெயிண்டோட வந்தா. கோயில் பைப்புக்குச் செவப்பு அடிச்சா. ஓடைக்கரைப் பைப்புத் தண்ணி நல்ல தண்ணி, அதுக்கு வெள்ளை அடிச்சா. யாருக்கும் ஒரு வார்த்தை வெளக்கம் சொல்லல.

மறுநாள் காலையில செவப்புப் பைப்புல ஒரு கொடமில்லைங்க! ஆத்தாவே வேண்டாம்னுட்ட மாதிரி ஊரே ஓடைக்கரைக்கு நடந்துச்சு. முன்னாடி போனது எங்க கொழுந்தனாருதான்.

எருமையை வித்தது எதுக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. நாங்க ஒரு கடைக்குத்தான் கேட்டோம். ஆத்தா ஊருக்கே சேர்த்துக் குடுத்தா. அதனால கேளுங்க. அழுது கேளுங்க, சண்டை போட்டுக்கூட கேளுங்க. வாசலை மட்டும் விட்டுடாதீங்க. நான் வாங்கின வாக்கு உங்களுக்கும் உண்டு.

எங்க வூட்டுக்காரரு இன்னும் விடறதில்லை. "என்ன இருந்தாலும் எம் மவ கெமிஸ்ட்டுதான்"னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. கேக்கறப்பல்லாம் சிரிக்கிறேன். இப்ப வாயைப் பொத்தறதில்லைங்க.