பெரியப்பா கொடுக்காத ரத்தம்

என் பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவருக்குத் திருப்புளி என்று பெயர். புதுக் கம்பிவடம் வந்தாலும் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் மாட்டுவார். வாங்கிய மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விழுங்காமலே வைத்துவிடுவார். அவரும் அப்பாவும் இரட்டையர். அச்சில் வார்த்ததுபோல ஒரே முகம்.

அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த வருடம், அதே மருத்துவமனையில் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் வருகிறதா, அதில் பிறப்போடு வருவது எவ்வளவு என்று பார்த்தார்கள். இருவரும் ரத்தம் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

“நோய் உனக்கு. என் ரத்தம் எதுக்குடா?” என்றார் பெரியப்பா.

“ஆராய்ச்சிக்குண்ணே. பின்னால பிள்ளைங்களுக்கு உதவும்.”

“இன்னிக்கு ஆராய்ச்சிம்பான். நாளைக்கு உங்களுக்கும் இருக்குன்னு படுக்க வைப்பான். ஆள் பிடிக்கிற வேலை!”

அப்பா சரியென்று உடனே விட்டுவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்துப் பெரியப்பா கருவிப் பையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வெற்றி.

“ஆஸ்பத்திரில இருந்து போன். என் ரத்தத்துலயும் அதே புற்றுநோய் செல் தெரியுதாம். ஊசியே போடல, ரிசல்ட் வந்துடுச்சு! நான் சொன்னேனா இல்லையா?”

அப்பா சுவரைப் பார்த்தார்.

“மென்னு முழுங்காம சொல்லிடுங்க,” என்றார் அம்மா.

பெரியப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பாவே இரண்டாம் முறையும் போய், பெரியப்பா பேரில் ரத்தம் கொடுத்திருக்கிறார்.

“ஒரே ரத்தம்தானேண்ணே. யார் கையில குத்தினா என்னன்னு நினைச்சேன்.”

“அறிவு இருக்காடா? ஒரே ரத்தம்னா அவங்க எதுக்கு ரெண்டு பேரையும் கேக்கறாங்க?”

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. போனில் சொன்னது அவரைப் பற்றி இல்லை. ஆனால் அவர் ரத்தத்தை இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. கை தானாகத் தாடைக்குக் கீழே கட்டி தேடிப் போனது.

மறுநாள் அப்பா, பெரியப்பா, நான் மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். நடந்ததை அப்பா சொல்ல, நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப மட்டும் நீங்க மூத்தவர்தான்னு எப்படி நம்பறது?”

“என்னையே சந்தேகப்படறீங்களா?” பெரியப்பாவுக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது.

“உங்க தம்பி கழுத்துல கட்டி எடுத்த ஆபரேஷன் தழும்பு இருக்கும். உங்களதக் காட்டுங்க.”

யாரையும் தொடவிடாதவர் காலர் பட்டனைக் கழற்றினார். நர்ஸின் விரல்கள் காதுக்குக் கீழிருந்து தோள்வரை மெதுவாக இறங்கின.

“தழும்பு இல்ல. தடவினதுல கட்டியும் தட்டுப்படல. ஆனா ரத்தம் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

பெரியப்பா கையை நீட்டினார். பிறகு, அப்பாவுக்குக் கேட்காதபடி, “கழுத்துல அந்தப் பக்கம் இன்னொரு தடவை பாத்துடுங்கம்மா,” என்றார்.