தோல் வெட்டுகிறவரின் கத்தி

மும்பை தேவ்நாரில் மனநலச் சமூகப்பணி மேற்படிப்பில் நான் சேர்ந்தபோது, எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவனே நான் ஒருவன்தான். அப்பாவுக்கு அந்தப் படிப்பு பிடிபடவே இல்லை. "இம்புட்டு படிச்சிட்டு கிறுக்கனுவ வீட்டுக்கா போறே?" என்று நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார்.

போகத்தான் வேண்டும். மனநல ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதும் எங்கள் படிப்பில் சேர்த்தி. என்னோடு வந்த வகுப்புத் தோழி மாட்டுங்காவில் பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். தாராவிச் சேற்றில் எப்படி நடக்கப்போகிறாள் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

நாங்கள் போன இடம் பாதி வீடு, பாதி பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்கள் இருவர் அங்கே செருப்பும் பையும் செய்தார்கள். தம்பி தோல் வெட்டுவதில் பெயரெடுத்தவர். யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்று சோறு தூக்கம் விட்டு, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர். யாரையும் ஒரு அடி அடித்ததில்லை. இனி வேலை செய்யலாம் என்று டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அண்ணன் கத்திகளைப் பெட்டியில் பூட்டிவிட்டு, தம்பியைப் பசை தடவ உட்காரவைத்திருந்தார். அடுத்த வாரம் ஊருக்கு ரயிலேற்றிவிடுவதாக முடிவு. அங்கே வைத்தியமும் கிடையாது, தொழிலும் கிடையாது.

நான் வகுப்பில் கேட்டதையெல்லாம் தமிழில் ஒப்பித்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"வாத்தியார் மாதிரி நல்லாத்தான் சொல்லுதீய. இவங் கையில கத்தியக் குடுத்துட்டு நான் எப்படி முதுகக் காட்டிட்டு உக்காருவேன்?"

தோழிதான் அசைந்தாள். வரும் வழியில் சேற்றில் அவள் செருப்பின் வார் அறுந்திருந்தது. அதைப் பார்த்து அண்ணன் கை நீட்டினார். அவள் அவரைத் தாண்டித் தம்பியிடம் கொடுத்தாள்.

"நீங்களே பாத்துக் குடுத்துடுங்கோ. புது வாரா போட்டாத் தேவலை."

தம்பி செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் வந்ததிலிருந்து அப்போதுதான் வாய் திறந்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"காக்கா, கத்தி."

அண்ணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

தம்பி ஒரு தோல் துண்டை அவள் பாதத்தின்மேல் வளைத்துப் பிடித்து, கத்திமுனையால் அங்கேயே அடையாளம் கீறினார். நான் என் காலை இழுத்துக்கொண்டேன். அவள் இழுக்கவில்லை. கறுப்புத் தோல் உண்டா, பழுப்புதானா என்று சாதாரணமாக விசாரித்துக்கொண்டிருந்தாள். தம்பி தோலைப் பலகையில் வைத்து ஒரே இழுப்பில் வெட்டினார். அண்ணன் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, கை மறக்கவில்லை என்று முணுமுணுத்தார்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? நான் காலை இழுத்தா அவருக்குத் தெரிஞ்சுடுமே."

எந்த வகுப்பிலும் அப்படி ஒன்றை நான் கற்றதில்லை.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. அண்ணன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், பலகையில் தோல் அறுபடும் சத்தம் சீராகக் கேட்டது.