வெள்ளிக்கிழமை டாக்டர்

செவ்வாய்க்கிழமை ஏழு பேர். வெள்ளிக்கிழமை நூற்று நாற்பது பேர். 1968ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தளிக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்த கெம்பன்கொட்டாய் மிஷன் மருந்தகத்துக்கு வந்த கூட்டம் இவ்வளவு. செவ்வாய்க்கிழமை டாக்டர் இருப்பார். வெள்ளிக்கிழமை இருக்கமாட்டார். வெள்ளிக்கிழமை இருப்பது பவுலினா.

பவுலினாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. சாமல்பட்டி ரயில்வே கேங்மேன் மகள். நர்சுப் படிப்பு முடித்த கையோடு கெம்பன்கொட்டாய்க்கு அனுப்பினார்கள். பதினோரு வருஷமாக அங்கேயே இருந்தாள். கல்யாணம் பற்றிப் பேச வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்துத் திரும்பினார்கள். மருந்தகத்தில் அவளைத் தவிர ஆயா வெங்கடம்மாள் ஒருத்திதான். மிஷனின் பெரிய ஆஸ்பத்திரி முப்பது மைல் தள்ளி இருந்தது. அங்கிருந்துதான் வாரம் ஒரு நாள் ஜீப்பில் டாக்டர் சென்னகிருஷ்ணன் வந்து போவார்.

ஊரில் சந்தை கூடுவது வெள்ளிக்கிழமை. சுற்றியிருக்கும் மலைக் கிராமங்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வண்டி கட்டுகிற நாள். அவரைக்காய், கொள்ளு, கேழ்வரகு மூட்டைகள் மேலேயே நோயாளியையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சனிக்கிழமை காய்ச்சல் கண்டாலும் வெள்ளிக்கிழமைவரை வைத்திருந்து கொண்டுவருவார்கள். பல்வலியா, வெள்ளிக்கிழமை. கை ஒடிந்ததா, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, வெள்ளிக்கிழமை. மருந்தகத்துக்கு என்று ஒரு நாளைத் தனியாகக் கெடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்தில் யாருக்கும் தோன்றியதுகூட இல்லை. காலை எட்டு மணிக்கே மருந்தக வாசலில் மாடுகளும் மனிதர்களும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கன்னடத்தில் வலியைச் சொல்வார்கள், தெலுங்கில் பரிகாரம் கேட்பார்கள், தமிழில் வரிசைக்காகச் சண்டை போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமையோ டாக்டர் இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, பதினொரு மணிக்கு ஜீப் ஏறிவிடுவார்.

டாக்டர் வருகிற நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொல்லி பவுலினா கேட்காத ஆள் இல்லை. "பாக்கலாம்" என்பார்கள். பார்க்கவில்லை.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு மாதக் கர்ப்பிணியான முனிலட்சுமி வந்தாள். தலைப்பிரசவம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்த அழுத்தமும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"செவ்வாக்கெழம வந்து டாக்டரப் பாத்தே ஆவணும். வருவியா?"

"வர்றேம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். வண்டியில் கொள்ளு மூட்டைகளுக்கு நடுவே வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, வாயெல்லாம் ரத்தமாக இருந்தாள். கூட வந்த புருஷன் திம்மராயன் வண்டியை விட்டு இறங்கவே மறந்து, மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

வலிப்பை அடக்கும் ஊசி பூட்டிய அலமாரியில் இருந்தது. டாக்டர் சொல்லாமல் அதைப் போடக்கூடாது என்பது மிஷன் சட்டம். சாவி பவுலினாவின் இடுப்பில் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. போட்டாள். வலிப்பு அடங்கியது. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. கடைசியில் மரம் ஏற்ற வந்த லாரி ஒன்றைக் கெஞ்சிப் பிடித்து ஏற்றி அனுப்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. முனிலட்சுமி பிழைத்தாள். குழந்தை செத்துப் பிறந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்ததும் பேப்பரைப் பிரிக்கவில்லை.

"சிஸ்டர், யாரக் கேட்டு அந்த ஊசியப் போட்டீங்க?"

"யார் இருந்தாங்க கேக்கறதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா? உங்களுக்குத்தான் ஜெயில். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"ஆயிடுச்சே டாக்டர். கொழந்த செத்துடுச்சே."

சென்னகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. சட்டையில் பித்தான் அறுந்திருந்தாலும் கவனிக்காமல் வேலை பார்க்கிறவர். தான் நல்ல செய்தி என்று நினைத்ததைச் சொன்னார். பெங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பயிற்சி தொடங்குகிறார்களாம். டாக்டர் இல்லாத ஊர்களில் இருக்கும் அனுபவமுள்ள நர்சுகளுக்கு மட்டும். ஒரு வருஷம். முடித்துவிட்டால் நோயாளியைத் தானே பரிசோதிக்கலாம், மருந்து எழுதலாம், அந்த ஊசியையும் போடலாம். மிஷனுக்குள் யாரும் கேள்வி கேட்க முடியாது. பவுலினாவின் பெயரை அவரே சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பங்குசாமிகிட்ட சரின்னு சொல்லிடுங்க. நாள் இல்ல."

ஒரு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அவள் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பாள். நெஞ்சுக்குழாயை வைத்துக் கேட்கும்போது காதில் விழுவது என்னவென்று இன்னும் ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு நர்சுப் படிப்பு நாளிலிருந்தே ஆசை. இப்போதும் அந்த ஆசை எழும்பியது. அது எழும்பியதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நான் ஒண்ணு கேக்கறேன் டாக்டர். கொழந்த செத்தது எனக்குப் படிப்பு பத்தாததாலயா? நீங்க வெள்ளிக்கெழம இங்க இருந்திருந்தா மொத வாரமே அவள ஜீப்புல தூக்கிப் போட்டுகினு போயிருப்பீங்க இல்ல?"

"போயிருப்பேன். நான் என்ன வரமாட்டேன்னா சொல்றேன்? வெள்ளிக்கிழமை ஜீப்பு இல்ல."

"எங்க போகுது?"

டாக்டர் தயங்கினார். "பெங்களூருக்கு. ரொட்டி வாங்க."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார சாமியாருக்குச் சோறு ஒத்துக்கொள்ளவில்லையாம். வெள்ளிக்கிழமைதோறும் ஜீப் போய் வாரத்துக்கு வேண்டிய ரொட்டியும் வெண்ணெயும் வாங்கி வந்தது. சாமியார் தன் நாட்டுக்குத் திரும்பி எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஜீப் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ரொட்டியை இப்போது யார் தின்கிறார்கள் என்று டாக்டருக்கே சரியாகத் தெரியவில்லை.

அன்றைக்குக் கொதிக்கவைத்த கண்ணாடி ஊசிக்குழாய்களில் ஒன்று பவுலினாவின் கையில் உடைந்தது. வெங்கடம்மாள் துணியைக் கிழித்து விரலில் கட்டினாள்.

"போயிட்டு வாம்மா. படிச்சுட்டு வந்தா உனக்கு மரியாத."

"போனா வெள்ளிக்கெழம யாரு பாக்கறது? நீ பாக்கறியா?"

"ஐயோ, நானா! நான் பிரசவத்த வேணா பாப்பேன். அதுவும் கன்னுக்குட்டின்னா."

பவுலினா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வரிசையில் முதல் ஆளாகத் திம்மராயன் நின்றான். தோளில் ஒரு பெரிய பூசணிக்காய். அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"எம் பொண்டாட்டி உசுரு நீங்க குடுத்ததும்மா."

"உம் புள்ள உசுரு யாரு எடுத்தது? செவ்வாக்கெழம வரச் சொன்னனே, ஏன்டா வரல?"

திம்மராயன் தலையைக் குனிந்தான். "அவ சொன்னாம்மா. நாந்தான் வேணாம்னேன். செவ்வாக்கெழம போனா அந்த டாக்டரு இருப்பாரு. வெள்ளிக்கெழம போனா நம்ம அம்மா இருக்கும், அது நல்லா பாக்கும்னேன். வண்டியும் அன்னிக்கித்தான் வருது."

பவுலினாவின் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இவ்வளவு நாளும் தான் தாங்கிப் பிடிக்கிறோம் என்று நினைத்திருந்தாள். தாங்கிப் பிடித்ததாலேயே யாரும் எதையும் மாற்றவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அவள் இருக்கிறாள், ஜீப் ரொட்டிக்குப் போகலாம். திம்மராயனுக்கு அவள் இருக்கிறாள், டாக்டரைப் பார்க்க என்று தனியாக மாடு பூட்ட வேண்டியதில்லை.

"பூசணிக்காயத் தூக்கினு போ. முனிலட்சுமிக்கு ஆக்கிப் போடு. போடா!"

அந்த நேரம் பார்த்துப் பங்குசாமி அருள்ஜோசப் உள்ளே வந்தார். மாதாகோயில் பக்கத்துக் கட்டிடம்தான். மேசைமேல் பூசணிக்காயைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, காணிக்கை எல்லாம் இப்ப உனக்கு வர ஆரம்பிச்சுடுச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன பவுலினா, முடிவு பண்ணிட்டியா? நான் சரின்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

"உக்காருங்க சாமி."

"இல்ல, நான் கெளம்பணும்…"

"உக்காருங்க. டாக்டர் நாற்காலிலயே உக்காருங்க. வெள்ளிக்கெழம அது சும்மாதான் கெடக்குது."

அவள் குரலில் இருந்தது மரியாதை இல்லை என்பது சாமிக்குத் தெரிந்தது. உட்கார்ந்தார். வெள்ளை அங்கியோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், வரிசை அவர் பக்கம் சாய்ந்தது. ஒரு கிழவி வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினாள். ஒருவன் சட்டையைத் தூக்கி முதுகுக் கட்டியைக் காட்டினான். ஒரு தாய் பேதியாகும் குழந்தையை அவர் மடியிலேயே போட்டாள், அங்கி நனைந்தது.

"நான் டாக்டர் இல்லம்மா… ஐயா, நான் டாக்டர் இல்லிங்க…"

"அந்தம்மாவுந்தான் டாக்டரு இல்ல" என்றார் வரிசையில் நின்ற கங்கப்பன் என்கிற கிழவர். "பாக்கலையா? சும்மா பாருங்க சாமி."

கூட்டம் சிரித்தது. பவுலினா சிரிக்காமல் வேலையைப் பார்த்தாள். புண்ணைக் கழுவினாள், கட்டுப் போட்டாள், காய்ச்சல் பார்த்தாள். சாமி எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம், "இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். வேர்த்து வடிந்தது அவருக்கு.

மாரம்மா என்கிற கர்ப்பிணி வந்தாள். ஏழாவது மாதம். பவுலினா குனிந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. சாமியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அந்தக் காலைக் காட்டினாள்.

"முனிலட்சுமிக்கும் இப்பிடித்தான் இருந்தது. இவள செவ்வாக்கெழம டாக்டரப் பாக்க வரச் சொல்லுங்க சாமி. நீங்களே சொல்லுங்க."

சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, செவ்வாய்க்கிழமை கண்டிப்பா வந்துடு."

மாரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "செவ்வாக்கெழம வண்டி ஏது சாமி? நடந்து வர்றதுன்னா வழியிலயே பெத்துப் போட்டுடுவேன். அடுத்த வெள்ளிக்கெழம வர்றேன். இந்தம்மா இருக்குமில்ல?"



"கேக்குறா இல்ல?" என்றாள் பவுலினா. "பதில் சொல்லுங்க. நான் பெங்களூர் போயிட்டா அடுத்த வெள்ளிக்கெழம இங்க யாரு இருப்பா? நான் படிக்க மாட்டேன்னு சொல்லல. எனக்கு ஆசை இருக்குது. ஆனா ஒரு ஜீப்ப திருப்ப மனசில்லாம என்னயத் திருப்பறீங்க பாருங்க, அதுதான் பத்திகினு எரியுது. டாக்டர் நாள் வெள்ளிக்கெழமன்னு ஆவட்டும், போறேன். ஆவலன்னா போவல. அடுத்த வலிப்புக்கும் ஊசியப் போடுவேன். ஜெயிலுக்கு வேணா அனுப்புங்க."

அருள்ஜோசப் சாமி எழுந்தார். மாரம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த வேன்காரனிடம் பேசி, அவளையும் அவள் மாமியாரையும் முன் சீட்டில் ஏற்றிவிட்டார். பிறகு நனைந்த அங்கியோடே மோட்டார் சைக்கிளை உதைத்து, அவர்கள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு முன்னால் திரும்பி வந்தார். பவுலினா கோயில் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாரம்மாவ சேத்துக்கிட்டாங்க. நல்லா இருக்கா."

"ஜீப்பு?"

"வெள்ளிக்கிழமை வரும். ரொட்டிய பஸ்ல போட்டு அனுப்பச் சொல்லியாச்சு." சாமி செருப்பால் மண்ணைக் கிளறினார். "ஆனா ஒரு வருஷத்துக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. நீ படிச்சு முடிச்சு வந்துட்டா அப்பறம் வெள்ளிக்கிழமை டாக்டர் தேவையில்லையேங்கிறாங்க. பழையபடி செவ்வாய்க்கிழமை."

பவுலினா வாளியை ஓங்கிக் கீழே வைத்தாள். தண்ணீர் சாமியின் காலில் தெறித்தது. திட்ட வாய் எடுத்தவள் நிறுத்தினாள். ஒரு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்பையும் டாக்டரையும் பார்த்துப் பழகிய நூற்று நாற்பது பேர். கங்கப்பன் போன்ற வாய்கள். மறுபடி ரொட்டிக்கு ஜீப்பை அனுப்ப நினைக்கிற ஆள் முதலில் இந்தச் சந்தைக் கூட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"சரின்னு சொல்லுங்க சாமி" என்றாள். "திரும்பி வந்து நான் சும்மா இருப்பேன்னு யாரும் நெனைக்க வேணாம். அதையும் சேத்துச் சொல்லுங்க."

ஜூன் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, டாக்டர் சென்னகிருஷ்ணன் சந்தை மாடுகளுக்கு நடுவே ஜீப்பை நிறுத்தி இறங்கினார். அன்று மதியம்வரை பேப்பரை அவர் பிரிக்கவில்லை. பத்தாம் தேதி, திங்கட்கிழமை காலை, பவுலினா ஒரு தகரப் பெட்டியோடு பெங்களூர் பஸ் ஏறினாள்.