அம்மாவுக்கு ஒன்பது ஸ்லைடுகள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அம்மா குவைத்தில் இருந்தாள். போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாக இருக்கிற வேலை என்று ஏஜெண்ட் சொல்லி அனுப்பியிருந்தான். அம்மாவின் கடிதங்களும் அப்படித்தான் சொல்லின. ஆஸ்பத்திரித் தரையில் முகம் பார்க்கலாமாம். யார் எதை எழுதுவதானாலும் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறார்களாம். அந்தக் கடைசி வரியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஆவடி சேக்காட்டில். அப்பா விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்விடுவார். என்னையும் தம்பியையும் பார்த்துக்கொண்டவள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மார்க்கெட் பக்கம் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த எங்களைத் தனியே விட முடியாததால் கையோடு அழைத்துப்போவாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல நுழைய வேண்டும். உள்ளே ஏசி. தம்பி அந்தக் குளிருக்காகவே முகம் கழுவிக்கொண்டு தயாராக நிற்பான்.

வேர்ட், எக்ஸெல் எல்லாம் முடிந்து கடைசியாக பவர்பாயிண்ட் வந்தது. அதுவரை தூங்கி வழிந்த நான் அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுத்து இடது பக்கமிருந்து பறந்து வந்து தன் இடத்தில் நின்றது. இன்னொரு வரி டைப்ரைட்டர் சத்தத்தோடு ஒவ்வோர் எழுத்தாக வந்தது. கடைசியில் கூட்டமே கைதட்டியது. அறையில் இருந்ததோ நாங்கள் மூன்று பேரும் சொல்லிக்கொடுத்த சாரும்தான். தம்பி எழுந்து மானிட்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

வகுப்பு முடியும்போது எல்லோரும் சொந்தமாக ஒன்று செய்து காட்ட வேண்டும் என்றார் சார். வேறு நேரங்களில் வந்து படித்தவர்கள் இந்தியாவின் சுற்றுலாத் தலங்கள், நீர் மாசுபாடு என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அத்தை, நம்ம ஊட்டைப் பண்ணி அம்மாவுக்கு அனுப்பலாம். அங்கதான் ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் கீதே" என்றேன்.

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நீ சொல்லு, நான் போடுறேன்" என்றாள்.

போட்டோவை உள்ளே ஏற்ற ஸ்கேனர் வேண்டும். சாரிடம் அது இல்லை. அதனால் எல்லாவற்றையும் வரைந்தோம். கம்ப்யூட்டரிலேயே ஒரு ரெடிமேட் வீடு இருந்தது, கூரையில் புகைபோக்கியோடு. அது வெள்ளைக்காரன் வீடு என்று சொல்லி அதை ஒதுக்கினேன். கட்டம் போட்டு சுவர், சாய்வாக ஒரு சாம்பல் பட்டை போட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் முட்டை முட்டையாகப் பச்சை வட்டங்கள் வைத்து முருங்கைமரம். தம்பிக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்ததை ஒரு சிவப்பு வாயும் கறுப்புக் கட்டமுமாகக் காட்டினோம். என் அரையாண்டு மார்க்குகள் வண்ணத் தூண்களாக எழுந்து நின்றன. கணக்குத் தூண் மட்டும் குட்டையாக இருந்தது. அதை இழுத்து உயர்த்தச் சொன்னேன். அத்தை கேட்கவில்லை.

அலுவலகத்தில் யாருக்குக் கீழே யார் என்று காட்டுகிற கட்டங்கள் உண்டு. அதில் எங்கள் குடும்பத்தைப் போட்டோம். மேலே இருக்கிற கட்டம் மேனேஜருக்கு என்றார் சார். அப்பாவைப் போடலாமா என்று கேட்டாள் அத்தை. இரண்டு பேரும் ஒரே குரலில் "அம்மா" என்றோம். அம்மாவுக்குக் கீழே அப்பா, அப்பாவுக்குக் கீழே அத்தை, எல்லோருக்கும் கீழே நாங்கள். மொத்தம் ஒன்பது ஸ்லைடுகள். கடைசி ஸ்லைடில் "சீக்கிரம் வா" மட்டும், டைப்ரைட்டர் சத்தத்தோடு.

தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடித்தோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "நர்சுங்க யாராவது படிச்சுக் காட்டுவாங்க" என்றாள் அத்தை.

காட்டும் நாளில் அப்பா பட்டறையிலிருந்து நேராக வந்தார். எண்ணெய் படிந்த சட்டையோடு அந்தச் சுழல் நாற்காலியில் உட்காரத் தயங்கி, நின்றபடியே பார்த்தார். கைதட்டல் கேட்டதும் திரும்பிக் கதவைப் பார்த்தார். "இன்னொரு தபா போடு" என்றார். மறுபடி பார்த்து முடித்தபின் தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் ஒருவர் குவைத்துக்குத் திரும்பிப் போக இருந்தார். அம்மாவுக்கு மாவடு ஊறுகாயும் கருவாடும் கொடுத்தனுப்பியபோது, ஸ்லைடுகளை ஏற்றி வைத்த பிளாப்பியும் போனது. வாசனை ஏறாமல் இருக்க அத்தை அதை மூன்று பிளாஸ்டிக் உறைகளில் சுற்றினாள். காந்தம் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அவரிடம் நான் இரண்டு முறை ஓடிப்போய்ச் சொன்னேன்.

அம்மா மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் சர்ச் பாஸ்டர் வீட்டுக்குப் போன் செய்வாள். அடுத்த போன் வருகிறவரை எனக்கு வேறு நினைப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்வேன். வெள்ளை உடுப்பில் நர்சுகள் சுற்றி நிற்க, நடுவில் அம்மா. எங்கள் வீடு திரையில் வருகிறது. முருங்கைமரத்தைக் காட்டி அம்மா எதையோ சொல்கிறாள். அம்மாவின் முகம் சரியாக நினைவுக்கு வராமல் போகத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. புடவைகூடத் தெளிவாகத் தெரியும், முகம் மட்டும் நழுவும்.

போன் வந்தது. பாஸ்டரின் மனைவி ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு. எல்லாரும் பாத்தோம். உங்க போட்டோல்லாம் அவ்ளோ நல்லா கீது. தம்பிதான் எளச்சிட்டான். நீ வளந்துட்டடி."

"அதுல போட்டோவே இல்லியேம்மா! ஸ்கேனர் இல்லன்னு நாங்க படம்தானே வரைஞ்சோம்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ, ஹலோ என்று கத்தினேன். அத்தை என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, நான்தான். அது வேற பிளாப்பி அண்ணி, இவளுக்கு ஞாபகமில்ல. நீங்க பாத்தது சரிதான்." சற்று நிறுத்தி, "நீங்க நல்லா கீறீங்களா? நெசமா சொல்லுங்க" என்றாள். பிறகு நெடுநேரம் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது விடாமல் கேட்டேன். வைக்காத போட்டோ எப்படித் தெரியும்? அத்தை முன்னால் பார்த்தபடியே, "அந்த ஊரு கம்ப்யூட்டர் பெருசுடி. அதுல அதுவா வரும்" என்றாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இதை நான் பெருமையாகச் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. யாருக்கும் தெரியாதே.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தை எங்களையும் அப்பாவையும் நேராக ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். போட்டோ எடுத்து அம்மாவுக்குத் தபாலில் அனுப்பப் போகிறோமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தாவது ஸ்லைடு, பதினொன்றாவது ஸ்லைடு எல்லாம் நான் மனதில் போட்டு வைத்திருந்தேன். குவைத் கம்ப்யூட்டர் தானாகவே போட்டோ காட்டும்போது இது எதற்கு என்று முரண்டு பிடித்தேன். "பேசாம நில்லு, அம்மா இதப் பாப்பால்ல" என்று அத்தை என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அதன்பிறகும் அம்மா நான்கு வருஷம் அங்கே இருந்தாள். திரும்பி வந்து எத்தனையோ காலம் கழித்து, ஒரு மதியம் நான் வீட்டில் உட்கார்ந்து அலுவலகத்துக்காக ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னிக்கு நீ அனுப்பினது இப்டித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னாள். ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கவே இல்லை. போய் இறங்கிய அன்றே ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பையனின் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தினமும் அதைத் துடைப்பாள். அதில் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. பிளாப்பி வந்த அன்று சமையலறை ஜன்னலோரம் போய், அதன் தகரத் தகட்டைத் தள்ளி, உள்ளே தெரிந்த பழுப்பு வட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாளாம், போட்டோ பிலிமைப் பார்ப்பதுபோல. எங்கள் முகம் எங்காவது தெரிகிறதா என்று.

ஸ்டுடியோ போட்டோ போய்ச் சேர்ந்ததும் அதைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாளாம். அதை இப்போதும் வைத்திருக்கிறாள், ஓரமெல்லாம் மழுங்கிப்போய். அப்பா விறைப்பாக நிற்கிறார். அத்தை சிரிக்கிறாள். தம்பி பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கிறான். நான் மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல், எங்கோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.