முதலில் விழுந்தவன்

செய்தி வந்தபோது காலை ஐந்தே முக்கால். தஞ்சாவூர் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மருதையனின் மகள் வேம்பு போனில் பேசினாள்.

“பெரியப்பா, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே.”

என்னைப் பெரியப்பா என்று கூப்பிட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். நான் மேலத்தெரு, நிலம் உள்ள குடும்பம். அவன் கீழத்தெரு. அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வயல்களில் நட்டு அறுத்தவர்கள். அந்த இரண்டு தெருவுக்கும் நடுவில் உறவுமுறை என்று ஒன்று கிடையாது. இவன்தான் உண்டாக்கினான்.

பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை ஒரே வகுப்பு. பிறகு அவன் ஏர் பிடிக்கப் போனான், நான் தஞ்சாவூருக்குக் கல்லூரிக்குப் போனேன். மேலத்தெருவில் யாராவது நின்றால் என்னை ‘சின்னய்யா’ என்பான். யாரும் இல்லையென்றால் ‘டேய்’. “ரெண்டையும் மாத்திச் சொல்லிடாதடா” என்று பயப்படுவேன். “ஒனக்கு வேணா மாறும், எனக்கு மாறாது. அடி வாங்குறவன் நானுல்ல” என்பான்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் இதிகாசக் கதை படிப்பார்கள். போர் முடிகிற நாளன்று படுகளம். கோயில் திடலில் சாணி மெழுகிய தரையில், போரில் விழுந்தவர்களாகச் சிலர் படுப்பார்கள். மேலே வெள்ளைத் துணி. அவர்கள் வீட்டுப் பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்து நிஜமாகவே ஒப்பாரி வைப்பார்கள். முதல் மரியாதைக்காரர் வந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒவ்வொருவராகக் கைபிடித்துத் தூக்கி, “எந்திரி, நூறு வருஷம் இரு” என்று சொல்ல வேண்டும். அப்படி எழுந்தவனை எமன் மறந்துவிடுவான் என்பது நம்பிக்கை. எழுப்பாமல் தானாக எழுந்தவன் பிணத்துக்குச் சமம், வீட்டில் சேர்க்கமாட்டார்கள்.

கீழத்தெருக்காரர்கள் படுத்ததில்லை. திடலை மெழுகுவதோடு சரி.

எழுபதுகளின் தொடக்கம் அது. கழக ஆட்சியில் கூலிக்குச் சட்டம் வந்திருந்தது. சட்டக் கூலி கேட்டு எங்கள் ஊரில் அறுவடை நின்றது. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், மண்டை உடைந்தது. தாசில்தார் முன்னால் இரண்டு தெருவும் சமாதானம் பேச உட்கார்ந்தபோது, மருதையன் கூலியோடு இன்னொன்றையும் கேட்டான். “படுகளத்துல எங்க தெரு ஆளும் படுக்கணும்.”

முதல் மரியாதைக்காரர் என் தாய்மாமன் இராஜாங்கம். எல்லோரும் ஆச்சரியப்படும்படி, “படுத்துக்கட்டும்” என்றார்.

படுகளத்தன்று மேலத்தெருவிலிருந்து ஒருவரும் படுக்க வரவில்லை. மருதையன் மட்டும் தனியாகப் படுத்தான். அவன் அம்மா ராமாயி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். கதை படிக்கும் பக்கிரி போரை முடித்துவிட்டுத் திடல் வாசலைப் பார்த்தார். மாமா வரவில்லை. ஆள் அனுப்பினார்கள். பதில் வந்தது: “படுக்கத்தானே சம்மதிச்சேன்? எழுப்புறேன்னு எங்க சொன்னேன்?”

பங்குனி வெயில். கீழத்தெருப் பிள்ளைகள் கம்பை எடுக்கப் போனார்கள். வந்து பார்த்த தாசில்தார் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ராமாயியின் ஒப்பாரி நின்று, வெறும் அழுகையாகிவிட்டது. நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் குனிந்தேன்.

“குடிடா. ஒதடு வெடிச்சிருக்கு.”

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “செத்தவன் தண்ணி குடிப்பானா? அறிவில்ல?”

“எந்திரிச்சு வா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“நானா எந்திரிச்சா இனிமே எங்க தெருவுல ஒருத்தனும் படுக்கமாட்டான். எங்காத்தாவே என்னைய உள்ள விடாது. தொட்டு எழுப்பட்டும், இல்லாட்டி நெசமாவே போறேன்.”

“இந்த வெயில்ல நெசமாவே போயிடுவடா.”

 “அப்ப நீ படு” என்றான்.

“என்னது?”

“பக்கத்துல படுறா. துணி அகலமாத்தான் இருக்கு.”

“எங்கம்மா கொன்னுடும்.”

“அதான் செத்துட்டியே, அப்பறம் என்ன?”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படுத்தேன். தரை சுட்டது. துணிக்குள் சாணி வாசமும் அவன் வியர்வை வாசமும். “சிரிக்காத, பொணம் குலுங்குது” என்றான்.

அம்மாவுக்குச் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? என் அம்மா ரெங்கம்மாள் தெருவையே திரட்டிக்கொண்டு வந்தாள். முதலில் என்னைத் திட்டினாள். வெள்ளைத் துணிக்குக் கீழே தன் ஒற்றைப் பிள்ளையைப் பார்த்ததும் திட்டு நின்றுவிட்டது. ராமாயிக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அது சடங்குக்கு அழுத அழுகை இல்லை.

மாமா வந்தார். நேராக என் பக்கம் குனிந்தார்.

பக்கிரி குறுக்கே பேசினார். “அய்யா, முன்ன விழுந்தவங்களத்தான் முன்ன எழுப்பணும். அதான் மொறை.”

“மொறை எனக்குத் தெரியும்யா.”

“தெரிஞ்சா மொறையா செய்ண்ணே,” என்றாள் அம்மா. “மொறை தப்பி எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன் வாசல்லதான் வந்து விழுவேன்.”

மாமா மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை வாங்கி எட்ட நின்று தெளித்தார். மருதையன் அசையவில்லை. “எந்திரிடா” என்றார். அசையவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, “பொணத்த அதட்டுனா எந்திரிக்குமா” என்றாள். மேலத்தெருவிலும் சிலர் சிரித்துவிட்டார்கள்.

மாமாவின் கை துணிக்குள் வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மோதிரம் போட்ட கை. தயங்கி, மணிக்கட்டைப் பிடித்தது. “எந்திரி. நூறு வருஷம் இரு” என்றார், தொண்டைக்குள்ளேயே.

மருதையன் எழுந்தான். ராமாயி அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அடுத்து மாமா என்னையும் எழுப்பினார், முகத்தைப் பார்க்காமல்.

அதோடு எல்லாம் மாறிவிடவில்லை. கூலிச் சண்டை இன்னும் சில அறுவடைகளுக்கு நடந்தது. டீக்கடையில் இரண்டு தெருவுக்கும் கிளாஸ் ஒன்றாக வெகுகாலம் ஆயிற்று. மாமா என்னோடு பேசவே இல்லை. ஆனால் அடுத்த வருஷம் கீழத்தெருவில் இரண்டு பேர் படுத்தார்கள். ‘மொறை’ கெட்டுவிடக் கூடாதென்று மேலத்தெருவும் படுத்தது.

மருதையன் முட்டி தேயும் வரை வருஷம் தவறாமல் படுத்தான். நில உச்சவரம்பில் கிடைத்த சொற்ப நிலத்தில் நட்டான், மகளைப் படிக்க வைத்தான். ஒருமுறை கல்லணைக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது, தோழன் செத்த துக்கத்தில் சாகா மருந்து தேடிப்போன ஓர் அரசனின் கதையை அவனுக்குச் சொன்னேன். எங்கோ தூரதேசத்தில், களிமண்ணில் எழுதி வைத்திருந்த பழங்கதை.

“மருந்து கெடச்சுதா?”

“கெடச்சு, கைவிட்டுப் போயிடுச்சு.”

“தோழன் செத்தப்பறம் யாருக்கு மருந்து? நம்ம கதையிலயும் பாரு, தவம் இருந்தவன் பூரா தனக்குத்தான் சாகா வரம் கேட்டிருக்கான். கூட்டாளிக்கும் சேத்துக் கேட்டவன் ஒருத்தன் இருக்கானா?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?”

“எனக்குக் குடுத்தாங்களே. ஒருத்தன் வந்து பக்கத்துல படுத்தான், எழுப்பிட்டாங்க.”

மாமா காலமான பிறகு அவர் மகன் இளையபெருமாள் முதல் மரியாதைக்கு வந்தார். அதை ஒரு வருஷம் மேலத்தெரு, ஒரு வருஷம் கீழத்தெரு என்று மாற்றினார். கீழத்தெருவின் முதல் முறை மருதையனுக்கு வந்தது. அன்றைக்குப் படுத்திருந்தவர்களில் மாமாவின் பேரனும் ஒருவன். மருதையன் அவன் கையைப் பிடித்து, “எந்திரி தம்பி, நூறு வருஷம் இரு” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். பையன் அவன் காலில் விழுந்தான். திரும்பி என்னைப் பார்த்தபோது மருதையனின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

இன்று அவன் பாடை மேலத்தெரு வழியாகப் போனது. அந்தப் பேரனும் தோள் கொடுத்தான். இந்த வருஷம் மறுபடி கீழத்தெருவின் முறை. எழுப்ப வேண்டியவன் மருதையன். இனி வேம்புதான் எழுப்புவாள் என்று இளையபெருமாள் சுடுகாட்டிலேயே சொல்லிவிட்டார். பெண்ணா, அதுவும் தீட்டு வீட்டிலிருந்தா என்று ஒருவர் கேட்டார்.  ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

திரும்பும் வழியில் திடலில் நின்றேன். அடுத்த வாரம் படுகளம். படுக்க இதுவரை இல்லாத அளவுக்கு இரண்டு தெருவிலும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று நேற்று மருதையனே மெழுக உட்கார்ந்திருக்கிறான். பாதி காய்ந்திருந்தது. வடக்கு ஓரம் இன்னும் மெழுகவில்லை.