சாமைக் காட்டில் ஏழு கூடாரம்

ஒரே கூடாரத்துக்கு இரண்டு குடும்பங்கள் ரசீதோடு வந்து நின்றால் என்ன நடக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், அரை நாள் உட்கார்ந்து சொல்வேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மலையில், வாசலூர்பட்டி ஏரிக்கு மேற்கே ஒரு கூடார முகாம் இருந்தது. கீழ்நாட்டுக்காரர் ஒருவர் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். அங்கே பதிவு எழுதுவது என் வேலை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கம் எடப்புளி நாட்டில் மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவளை, ஏரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். அக்கா வீட்டில் சோறு, முகாமில் வேலை.

சித்திரை பிறந்தால் போதும், வேனும் காரும் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி, வாந்தி எடுத்து வாடிப்போன பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கும். எங்களிடம் இருந்தது இருபது கூடாரம். கீழே நாமக்கல்லில் ஓர் அறையில் உட்கார்ந்து மேனேஜர் போனில் பதிவு எடுப்பார். மேலே நான், நேரில் வருகிறவர்களுக்கு எழுதுவேன். மழை தூறினால் போன் செத்துவிடும். அவர் எழுதியது எனக்குத் தெரியாது, நான் எழுதியது அவருக்குத் தெரியாது. ஒரு தடவை புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கும், கைக்குழந்தை உட்படப் பதினான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கும் ஒரே கூடாரம். ஜோடி கோபித்துக்கொண்டு கடைசி பஸ் ஏறியது. குடும்பம் உள்ளே புகுந்து அடுப்பு மூட்டியது. கக்கூஸ் மொத்தம் இரண்டு. காலையில் அதற்கு நிற்கும் வரிசையைப் பார்த்து, "ரேசன் கடைய இங்க மாத்திட்டாங்களாட்ட இருக்குது" என்று எங்கள் ஆட்கள் கேலி பேசிக்கொண்டு போவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஏச்சு வாங்குகிறவள் நான்தானே.

மேனேஜர் வாரத்துக்கு இரண்டு நாள் மேலே வருவார். நாற்பது வயது இருக்கும். எவ்வளவு கூட்டம் கத்தினாலும் குரலை உயர்த்த மாட்டார். முகத்தில் எப்போதும் ஒரு பொறுமை. அந்தப் பொறுமையை நான் நல்ல குணம் என்று நினைத்தேன். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன். வரும்போதெல்லாம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாமைச் சோற்றையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "இங்க உண்டாத்தானுங்க எனக்கு வகுறு நெறையுது" என்பார். அக்காவுக்கு அதைக் கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும். அந்த மனுசன்தான் என்னை ஏமாற்றினார்.

இரண்டாவது கோடை தொடங்கும் முன் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். கூடாரத்துக்கு ஒன்றாகத் தகர வில்லை வெட்டி நம்பர் போடுவது. பாதி வில்லை கீழே அவரிடம், பாதி மேலே என்னிடம். ரசீதோடு வில்லையையும் கொடுத்துவிட வேண்டும், கையில் வில்லை இல்லாவிட்டால் யாரும் ரசீது எழுதக் கூடாது. போன் செத்தாலும் தகராறு வராது. அடுத்ததாக, வருகிற கூட்டம் முழுவதையும் ஏரி ஓரத்திலேயே திணிக்காமல், சுற்றியுள்ள காடுகளில் நாலைந்து, ஏழெட்டு என்று பிரித்து வைப்பது. எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைத்தான் காடு என்போம். சித்திரை வைகாசியில் அவை சும்மா கிடக்கும். முதல் மழை விழுந்த பிறகுதான் ஏர் கட்டுவார்கள்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்மிணி, இத்தன நாளா இது எனக்குத் தோணலியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் காடாக எதைக் கேட்கலாம் என்று அவர் இழுத்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா வீட்டுக் காட்டை நானே கை காட்டினேன்.

அது அக்காவுக்கும் மாமாவுக்கும் இருந்த ஒரே பெரிய காடு. வருசத்துக்கு வேண்டிய சாமை அதில்தான் விளையும். மற்றதெல்லாம் மேட்டில் தொங்கும் துண்டு துக்காணி. மாமா முதலில் யோசித்தார். நான் விடவில்லை. சும்மா கிடக்கிற நிலம்தானே, நான்தானே அங்கே இருக்கிறேன் என்று நச்சரித்தேன். கடைசியில் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். வாசலில் பாய் விரித்து, அண்ணன் வெற்றிலை பாக்கை நீட்ட, மாமா இரண்டு கையாலும் வாங்கினார்.

"மொத மழ பேஞ்சு ஏரு கட்டுற வரைக்குந்தானுங்க. அப்பறம் ஒரு நாளுகூட ஆகாதுங்க" என்றார் மாமா.

"மழ விழுந்த அன்னிக்கே பிரிச்சுப்போடுறனுங்க. அம்மிணி இருக்கறப்ப உங்களுக்கு எதுக்குங்க கவல" என்றார் அண்ணன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆபீஸ் பைலில் வைக்க வேண்டுமாம், சும்மா ஒரு கையெழுத்து. ஒரு பக்கம் முழுக்க டைப் அடித்திருந்தது. மாமாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவு படிக்க வராது. நான் படித்திருக்கலாம். ஆனால் வெற்றிலை கைமாறிய பிறகு, பேசியதைத் திரும்பப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்கு அசிங்கம். "உன் வாக்கில் எனக்குச் சந்தேகம்" என்று எதிராளியின் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதுவும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனுசனிடம் எப்படிக் கேட்பது? அன்றைக்குக் காற்று அதிகம். காகிதம் பறக்காமல் இருக்க நான்தான் ஒரு ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மாமா கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோடை நன்றாகப் போனது. ஏரி ஓரம் மூச்சுவிட்டது. அக்கா காட்டில் ஏழு கூடாரம் போட்டோம், பக்கத்திலேயே தனிக் கக்கூஸ். ஒரே கூடாரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்கவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், "எல்லாம் எங்க அம்மிணியோட ஏற்பாடுங்க" என்பார். நான் வில்லைகள் தொங்கும் பலகைக்குக் கீழே பெரிய அதிகாரி மாதிரி உட்கார்ந்திருப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

வைகாசி கடைசியில் மழை விழுந்தது. இரண்டு நாள் நல்ல மழை. மாமா ஏரை எடுத்துக் கொழு மாற்றினார். அக்கா விதைச் சாமையை முறத்தில் கொட்டிப் புடைத்தாள். நான் காட்டில் இருந்தவர்களிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன். கூடாரம் பிரிக்கக் கீழேயிருந்து ஆள் வர வேண்டும். போன் செத்துக் கிடந்தது. பஸ் கண்டக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமா பொறுமை இழந்து, இரண்டு கூடாரத்தைத் தானே பிரித்து ஓரமாக வைத்துவிட்டு மாட்டைப் பூட்டினார். இரண்டு சால்தான் ஓட்டியிருப்பார். அப்போது ஒரு வேன் வந்து நின்றது. மூன்று குடும்பம், எட்டுப் பத்துப் பிள்ளைகள். ரசீதை நீட்டினார்கள். ஓடைக் காடு, இரண்டு நாள் என்று எழுதியிருந்தது. கையெழுத்து அண்ணனுடையது. வில்லைகளும் வைத்திருந்தார்கள். கீழே அண்ணன் பங்காக வைத்திருந்த அதே வில்லைகள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

ஆனாலும் அண்ணன் வேண்டுமென்று செய்திருப்பார் என்று ஒரு நிமிசம்கூட நினைக்கவில்லை. காட்டுக்கு ஓடினேன்.

"மாமா, ரெண்டு நாளு பொறுங்க. அண்ணன் மழ பேஞ்சது தெரியாம எழுதிப்போட்டாராட்ட இருக்குது. கொழந்தைக பசியோட நிக்குதுங்க."

மாமா என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "ஈரம் காஞ்சிருமே கண்ணு" என்றார்.

"ரெண்டே நாளுங்க மாமா. நாஞ் சொல்றனில்ல."

அவர் நுகத்தடியை அவிழ்த்தார்.

திங்கட்கிழமை அண்ணன் வந்தார். வழக்கம்போல நிதானமாக உட்கார்ந்து, மாமா கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுத்துக் காட்டினார். ஆடிப் பண்டிகைக் கூட்டம் முடியும்வரை நிலம் முகாமின் பொறுப்பில் இருக்கும் என்று அதில் தெளிவாக அடித்திருந்தது. மலையில் பெரிய கூட்டமே ஆடியில்தான். அதற்கு இடம் வேண்டும் என்று அவர் முதல் நாளே கணக்குப் போட்டிருக்கிறார். அதுவரைக்கும் வார வாரம் அந்தக் காட்டுக்குப் பதிவு எடுத்துமிருக்கிறார்.

"வெத்தல மாத்தறப்ப நீங்க என்னங்ணா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அம்மிணி, நீ படிச்ச புள்ள. அன்னிக்கே படிச்சிருக்கலாமில்ல" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே வேலையை விட்டேன். பலகையிலிருந்த வில்லைகளைப் பிடுங்கி மேசை மேல் கொட்டிவிட்டு வந்தேன். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் வேறொரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். மாமா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். கையெழுத்து உன்னுடையதுதானே என்று முகாம்காரர்கள் கேட்டார்கள். ஆமாம் என்றார் மாமா. பொய் சொல்ல அவருக்கு வராது. ஈரம் காய்ந்தது, மறுபடி மழை வந்தது, அதுவும் காய்ந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேன் வந்தது. ஆடியில் அந்தக் காட்டில் கால் வைக்க இடமில்லை. பண்டிகை முடிந்து கூடாரங்களைப் பிரித்தபோது, மண் தார் ரோடு போல இறுகிக் கிடந்தது. மாமா கடனே என்று கொஞ்சம் கொள்ளு தெளித்தார். பாதி முளைக்கவில்லை. அந்த வருசம் அக்கா வீட்டில் சாமைச் சோறு இல்லை. ரேசன் அரிசிதான்.

நான் எங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. எந்த முகத்தோடு போவது? அக்கா வீட்டிலேயே இருந்து மேட்டுத் துண்டில் வேலை செய்தேன். சாப்பிட உட்கார்ந்தால் போதும், அந்த மனுசனைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு இப்படிச் செய்தானே, நாசமாய்ப் போக, வெற்றிலை வாங்கிய கையை இப்படி நம்ப வைத்து அறுத்தானே என்று ஓயாமல் சொல்வேன். அக்கா மறுபேச்சுப் பேச மாட்டாள். அவளுக்கும் அவன் மேல் அவ்வளவு ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கூடுதலாகத் திட்டுவேன்.

ஒரு நாள் மத்தியானம் அப்படித் திட்டிக்கொண்டிருந்தேன். மாமா கை கழுவ எழுந்து போனார். அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி ரேசன் சோறு வைத்தாள்.

"அந்தாளச் சொல்லி என்ன சாமி ஆகப்போகுது. அவரு எந்த ஊரு, என்ன ஆளுன்னே எங்களுக்குத் தெரியாது. உங்க மாமா உம் மொகத்தப் பாத்துத்தான் வெத்தலைய வாங்குனாரு" என்றாள். "மாட்ட அவுக்கச் சொன்னதும் நீதான்."

குழம்பை ஊற்றிவிட்டு, சாப்பிடு என்றாள்.